லினக்ஸில் வைஃபை வரவில்லையா? டிரைவரைத் தேடி ஓடுவதற்கு முன்

லினக்ஸை நிறுவி முடித்தாயிற்று. திரை சரி, ஒலி சரி, டச்பேடுகூட சரி. மூலையில் வைஃபை குறியை மட்டும் காணோம். அந்த நிமிடத்தில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: லேப்டாப்பின் பெயரைப் போட்டுத் தேடி, முதலில் கண்ணில் படும் கமாண்டை டெர்மினலில் ஒட்டுவது. சரியாகவில்லையா, அடுத்தது. அப்புறம் அதற்கும் அடுத்தது. பத்தாவது கமாண்டைத் தாண்டியபின், முதலில் இருந்த கோளாறு எது, நாமாக இழுத்துவிட்டது எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

வைஃபை ஓட வேண்டுமென்றால் ஐந்து காரியம் வரிசையாக நடக்க வேண்டும். வைஃபை கார்டு இருப்பது கணினிக்குத் தெரிய வேண்டும். லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில், அந்தக் கார்டை இயக்கும் நிரலான டிரைவர் இருக்க வேண்டும். அந்த டிரைவர் கேட்கும் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்க வேண்டும். ரேடியோ அணைந்திருக்கக் கூடாது. கடைசியாக, இணைப்பைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள் கார்டைக் கையில் எடுக்க வேண்டும். எந்தப் படியில் நின்றுபோயிற்று என்று பார்க்காமல் டிரைவரை மாற்றுவது, வயிற்றுவலிக்குக் கண்ணாடியை மாற்றுவது மாதிரிதான்.

பெட்டியில் எழுதியிருக்கும் பெயரை நம்புவது

டிரைவர் என்பது லேப்டாப்புக்கோ அடாப்டர் மாடலுக்கோ உரியதல்ல, உள்ளே இருக்கும் சிப்புக்கு உரியது. டிபி-லிங்கின் டபிள்யூஎன்722என் என்ற யுஎஸ்பி அடாப்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பில் அதெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. லினக்ஸுக்கு நன்றாகப் பழக்கப்பட்ட சிப் அது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் சிப். வெளியே அதே பெயர். முதல் பதிப்பை வைத்து ஒருவர் எழுதிய குறிப்பு, இரண்டாம் பதிப்பை வைத்திருப்பவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

சிப்பின் உண்மையான அடையாளத்தைச் சொல்வது எல்எஸ்பிசிஐ கமாண்ட். அதனுடன் என், என், கே என்ற மூன்று எழுத்துகளையும் சிறு கோடு போட்டுச் சேர்த்துக் கொடுங்கள் (lspci -nnk). 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியின் கடைசியில், சதுர அடைப்புக்குள் நான்கு நான்கு எழுத்தாக இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தயாரிப்பாளர். 8086 என்றால் இன்டெல் (ஆமாம், அந்தப் பழைய பிராசஸரின் எண்ணேதான்). இரண்டாவது எண் சிப். தேடுவதென்றால் இந்த ஜோடியை வைத்துத் தேடுங்கள்.

அதற்குக் கீழே இருக்கும் வரிகள் இன்னும் முக்கியம். 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருந்தால் டிரைவர் ஏற்கெனவே கார்டைப் பிடித்துவிட்டது. புது டிரைவர் தேடுவதை அங்கேயே நிறுத்திவிடலாம், கோளாறு வேறிடம். 'கர்னல் மாடியூல்ஸ்' மட்டும் இருந்து 'இன் யூஸ்' இல்லையென்றால், டிரைவர் கைவசம் இருக்கிறது, ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. இரண்டுமே இல்லை என்றால்தான் டிரைவர் வேட்டை.

யுஎஸ்பி அடாப்டருக்கு எல்எஸ்யுஎஸ்பி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சில அடாப்டர்கள் செருகியதும் தம்மை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும். விண்டோஸுக்கான டிரைவரை உள்ளேயே வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சின்னக் கருவி தட்டி எழுப்பிய பிறகுதான் வைஃபை கார்டாக மாறும்.

டிரைவரையும் ஃபர்ம்வேரையும் ஒன்றாக நினைப்பது

அதிகம் பேர் இடறுவது இங்கேதான். டிரைவர் கர்னலுக்குள் ஓடுகிறது. ஃபர்ம்வேர், கார்டில் இருக்கும் சிப்புக்குள்ளேயே ஓடும் நிரல். கணினி தொடங்கும்போது டிரைவர் அந்தக் கோப்பை வட்டிலிருந்து எடுத்துக் கார்டுக்குள் ஏற்றிவிடுகிறது. கோப்பு இல்லையென்றால் டிரைவர் இருந்தும் பயனில்லை.

கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கமாண்டின் வெளியீட்டில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடுங்கள். 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட்' என்று தொடங்கி 'ஃபெயில்ட் வித் எரர் -2' என்று முடியும் வரி கண்ணில் படலாம். அந்த -2க்கு அர்த்தம், 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்பதுதான். எந்தக் கோப்பு என்று அதே வரியில் பெயரும் இருக்கும். அதைத் தரும் பேக்கேஜை நிறுவி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

ஆனால் அவசரப்படாதீர்கள். இன்டெல் கார்டுகளின் டிரைவர், தான் அறிந்த மிகப் புதிய ஃபர்ம்வேர் எண்ணை முதலில் கேட்கும். இல்லையென்றால் அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று இறங்கிக்கொண்டே வரும். ஆகவே நாலைந்து முறை -2 வந்து, அடுத்த வரியிலேயே 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்று இருந்தால் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதறி, நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கார்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

டெபியன் என்ற லினக்ஸ் வகையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கட்டற்ற மென்பொருள் அல்ல என்பதால், 11ஆம் பதிப்பு வரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் இந்த ஃபர்ம்வேர்கள் சேர்க்கப்படவில்லை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள்; 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து சேர்ந்தே வருகிறது. கூடவே 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்று தனிப் பிரிவும் வந்தது. 11இலிருந்து 12க்கு மேம்படுத்தியவர்கள், பேக்கேஜ்கள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில் பழைய 'நான்-ஃப்ரீ'யை மட்டும் விட்டுவைத்திருந்தால், ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பே வராது.

வைஃபை இல்லாமல் ஃபர்ம்வேரை எப்படி இறக்குவது என்று பலர் அடுத்த கணினியில் பேக்கேஜ்களை ஒவ்வொன்றாக இறக்கி, ஒன்றுக்கு இன்னொன்று வேண்டும் என்ற சார்புகளில் சிக்கித் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸின் பார்வையில் அது ஒரு கம்பிவழி நெட்வொர்க் கார்டு. ஐந்து நிமிட வேலை.

எந்தக் காலத்துக் குறிப்பு என்று பார்க்காதது

என்டிஐஎஸ்ராப்பர் என்ற பெயர் வரும் குறிப்பைக் கண்டால் அப்படியே மூடிவிடுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிரைவரை லினக்ஸில் ஓட்டுவதற்கான ஏற்பாடு அது. அன்றைக்கு வேறு வழி இல்லை, இன்றைக்குத் தேவை இல்லை.

பிராட்காம் சிப் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவற்றுக்கு மூன்று டிரைவர்கள் உண்டு: பி43 ஒன்று, 2010இல் அந்த நிறுவனமே மூலநிரலைத் திறந்துவிட்டதிலிருந்து வந்த டிரைவர் ஒன்று, 'டபிள்யூஎல்' என்ற மூடிய டிரைவர் ஒன்று. எது பொருந்தும் என்பது சிப்பைப் பொறுத்தது. மூன்றையும் நிறுவிப் பார்ப்போம் என்று இறங்கினால் வம்பு. டபிள்யூஎல் பேக்கேஜ் மற்ற டிரைவர்களைத் தடைப்பட்டியலில் போட்டுவிடும். பிறகு அதை நீக்கினாலும், அமைப்புக் கோப்போடு சேர்த்து முழுமையாக நீக்காவிட்டால் அந்தப் பட்டியல், டிரைவர்களை ஏற்றும் மோட்புரோப் கருவியின் அடைவில் அப்படியே கிடக்கும். சரியான டிரைவர் வட்டில் இருந்தும் ஏறாமல் நிற்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

ரியல்டெக் கதை வேறு. கர்னலிலேயே டிரைவர் இருக்கும்போது, எங்கிருந்தோ மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்வார்கள், அதாவது ஓடும் நிரலாகக் கட்டுவார்கள். ஆர்டிடபிள்யூ88 என்ற டிரைவர் கர்னல் 5.2இல் வந்தது, ஆர்டிடபிள்யூ89 5.16இல். இன்டெல் ஏஎக்ஸ்210க்குக் குறைந்தது 5.10 வேண்டும். ஆக, புதுக் கார்டு, பழைய கர்னல் என்றால் மருந்து டிரைவர் அல்ல, புதிய கர்னல். கார்டை மாற்ற நினைப்பவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை அதற்கேற்ற இன்டெல் கணினியில் மட்டுமே ஓடும். ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தாலும் ஏஎம்டி கணினியில் எழுந்திருக்காது.

ஒருமுறை கம்பைல் செய்தால் போதும் என்று இருப்பது

கர்னலில் இல்லாத வெளி டிரைவர் தவிர்க்கவே முடியாது என்றால், டிகேஎம்எஸ் வழியாக நிறுவுங்கள். இல்லையென்றால் கர்னல் புதுப்பிப்பு வந்த மறுநாளே வைஃபை போய்விடும், ஏனென்றால் நீங்கள் கட்டிய மாடியூல் (டிரைவரின் கோப்பு) பழைய கர்னலுக்கு உரியது. டிகேஎம்எஸ் ஒவ்வொரு கர்னலுக்கும் மறுபடி கட்டிக்கொள்ளும். அதற்கு, மாடியூலைக் கட்டத் தேவையான கர்னல் ஹெடர் பேக்கேஜும் கூடவே புதுப்பிக்கப்பட வேண்டும்.

எல்லாம் சரியாகக் கட்டியும் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால், அது செக்யூர் பூட். நம்பகமான நிரலை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு ஏற்பாடு அது; அது போட்டிருந்தால், கையொப்பம் இல்லாத மாடியூலைக் கர்னல் ஏற்காது. உபுண்டு போன்றவை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டு, ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரையைக் காட்டும். அங்கே கீயைப் பதிவு செய்ய வேண்டும். சில விநாடிகளில் மறைந்துவிடும் அந்தத் திரையை ஏதோ பிழை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஸ்விட்சை மறப்பது

இதைச் சொல்ல எனக்கே வெட்கம். ஒரு பழைய லேப்டாப்பில் இரண்டு மாலைப் பொழுதை டிரைவரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில், ரேடியோ அணைந்திருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் கருவியில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று அடித்தால், 'ஹார்ட் பிளாக்டு: எஸ்' என்று ஒரே வரி. லேப்டாப்பின் முன்விளிம்பில் நகத்தளவு ஸ்விட்ச் ஒன்று இருந்தது. பைக்குள் வைத்து எடுக்கும்போது நகர்ந்திருக்கிறது. 'சாஃப்ட் பிளாக்டு' என்றால் அதே கருவியில் 'அன்பிளாக்' கொடுத்துத் திறந்துவிடலாம். 'ஹார்ட்' என்றால் கையால் தேட வேண்டியதுதான்: ஸ்விட்ச், விமானம் படம் போட்ட விசை, பயாஸ் அமைப்பு.

விண்டோஸும் அதே கணினியில் இருந்தால், அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அது முழுதாக நிறுத்தாமல் அரைத்தூக்கத்தில் விட்டுப் போவதால், அடுத்து வரும் லினக்ஸில் கார்டு எழ மறுப்பதுண்டு.

கார்டு இருக்கிறது, டிரைவரும் ஃபர்ம்வேரும் இருக்கின்றன, ஆனால் இணைப்பைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜர் 'அன்மேனேஜ்டு' (என் பொறுப்பில் இல்லை) என்கிறதா? வேறு யாரோ கார்டைப் பிடித்திருக்கிறார்கள். டெபியனில், நெட்வொர்க் கார்டுகளைக் கையால் அமைப்பதற்கான இன்டர்ஃபேசஸ் கோப்பில் அந்தக் கார்டுக்கு ஒரு வரி இருந்தாலே நெட்வொர்க்மேனேஜர் ஒதுங்கிக்கொள்ளும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இணைப்பு வந்துவிட்டது, ஆனால் அடிக்கடி தொங்குகிறது என்றால் மின்சேமிப்பைச் சந்தேகிக்கலாம். நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் 'வைஃபை பவர்சேவ்' என்ற இடத்தில் 3 இருந்தால் மின்சேமிப்பு போட்டிருக்கிறது, 2 என்றால் அணைத்திருக்கிறது. 0, 1 என்று நினைத்து எழுதிவிட்டு மாறவே இல்லையே என்று குழம்புவார்கள். 2 என்று மாற்றி, நெட்வொர்க்மேனேஜரை மறுபடி தொடங்கி, வைஃபையை ஒருமுறை துண்டித்து இணைத்துப் பாருங்கள்.