அடைத்த பல்லுக்கு அடியில் ஒளிந்திருந்த சொத்தை

கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைத்து எட்டு வருஷம். போன ஆவணியில் காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் சீப்புச் சீடையைக் கடித்தேன், வலிக்கவில்லை. அன்று ராத்திரி பச்சைத் தண்ணீர் பட்டதும் சுரீரென்றது. முதலில் பார்த்த டாக்டர் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "அடைப்பு நல்லாத்தான் இருக்கு" என்று கூச்சத்துக்குப் பேஸ்ட் எழுதிக் கொடுத்தார். ஒன்றரை மாதம் தேய்த்தும் போகவில்லை. அந்தப் பல்லிடுக்கில் மட்டும், இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூல் இழை இழையாகப் பிரிந்து வந்தது.

இதைச் சொன்னதும் வேறொரு டாக்டரம்மா, "பைட்விங் எக்ஸ்ரே எடுத்துருவோம்க்கா" என்றார். பல்லால் கடித்தபடி எடுக்கும் படம் அது. சின்ன சென்சாரை நாக்குப் பக்கம் வைத்து, அதன் பிடியைக் கடிக்கச் சொன்னார். திரையில் வெள்ளி அடைப்பு பளீர் வெள்ளை. அதன் அடி ஓரத்தில், பக்கத்துப் பல்லை ஒட்டி, பென்சில் தீட்டினாற்போல் ஒரு கறுப்பு. சுண்ணாம்புச் சத்து கரைந்த இடத்தில் கதிர் எளிதாகப் புகுவதால் அப்படித் தெரியுமாம்.

"கறுப்பெல்லாம் சொத்தை இல்லைக்கா, பல்லோட கழுத்துப் பகுதி இயல்பாவே கறுத்துத் தெரியும்" என்றவர், கருவியால் மெதுவாகத் தடவி, மெத்தென்று இருப்பதை உறுதிசெய்த பிறகே பழைய அடைப்பை எடுத்தார். சொத்தை நரம்பைத் தொடவில்லை, வேர் சிகிச்சை தப்பியது. புதிதாக அடைத்த நாலாம் நாள் கூச்சம் நின்றது.

கன்னத்துப் பக்கம், நாக்குப் பக்கம் இருக்கும் சொத்தையை எக்ஸ்ரேயில் அடைப்பின் வெள்ளை மறைத்துவிடும். அதனால் கண்ணால் பார்ப்பதும் அவசியம். அந்தப் படத்தை ஃபோனில் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டுப் பார்க்க.