தொட்டிக்குள் ஆள் இறங்குமுன்: மீட்புக் குழுவைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறுகள்

சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்கும்போது, "ஏதாவது ஆனால் 108 இருக்கிறது, 101 இருக்கிறது" என்று நம்புவதுதான் முதல் தவறு. ஆக்சிஜன் கிடைக்காமல் போனால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்தாலும், நெரிசலைத் தாண்டி வந்து, கருவியை மாட்டி இறங்குவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். "கூப்பிட்டால் அரை மணியில் வருவோம்" என்கிற தனியார் குழுவும் உடலை எடுக்கத்தான் வரும். ஆள் உள்ளே இருக்கும் வரை குழு தொட்டி வாயருகே நிற்க வேண்டும்.

அடுத்தது, சான்றிதழையும் கட்டணத்தையும் மட்டும் பார்த்துச் சம்மதிப்பது. நாங்கள் ஒருமுறை அழைத்த குழுவின் ஆவணங்களில் ஒரு குறையும் இல்லை. 70 கிலோ மணல் மூட்டையைத் தொட்டிக்குள் இறக்கி, எடுத்துக் காட்டச் சொன்னோம். முதுகில் காற்று சிலிண்டருடன் இறங்கியவர் இடுப்பளவில் சிக்கிக்கொண்டார். தொட்டி வாயின் அகலம் இரண்டடிக்கும் குறைவு. அவர்கள் அதை அளக்கவே இல்லை. உள்ளே கிடந்தது மூட்டையாக இருந்ததால் பிழைத்தோம். உங்கள் தொட்டியிலேயே ஒத்திகை பார்க்க மறுக்கும் குழு வேண்டாம்.

துணிச்சலை மீட்பு என்று எண்ணுவது மிகக் கொடிய தவறு. அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-இல் எச்சரித்தது. கழிவுநீரில் உருவாகும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டையாக நாறும். காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் அடங்கிவிட்டது என்று தம்பியைத் தேடி அண்ணன் இறங்குவது அப்போதுதான். ஆகவே குழுவிடம் முதலில் கேளுங்கள்: "உங்கள் ஆள் இறங்காமலே எங்கள் ஆளை எப்படி எடுப்பீர்கள்?" தொட்டி வாய்மேல் நிறுத்தும் முக்காலி, கயிற்றைச் சுற்றி ஆளைத் தூக்கும் கைவின்ச், இறங்கும்போதே உடலில் மாட்டிய கவசப்பட்டை, கயிறு என்று பதில் வர வேண்டும்.

வடிகட்டி முகமூடியைக் காட்டினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அது ஆக்சிஜன் தராது. காற்றில் ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்திருந்தால் அந்த முகமூடியால் பயனில்லை. ஒரே குழுவை இரண்டு தொட்டிகளுக்குப் பங்கிட்டு நிறுத்துவதும் வேண்டாம்.

இப்போது எங்கள் பட்டறையில், குழுத் தலைவர் தொட்டி வாயருகே நின்று அனுமதிச் சீட்டில் கையெழுத்திட்ட பிறகுதான் ஏணி உள்ளே இறங்குகிறது.