மதுரை வெயிலுக்கு ஒரு பாம்பர் ஜாக்கெட்: முதன்முறை தைப்பவர்களுக்கு

1950-களில் அமெரிக்க விமானப்படைக்கு வந்த எம்ஏ-1 ஜாக்கெட்தான் இன்று கடைகளில் தொங்கும் பெரும்பாலான பாம்பர்களுக்கு (இடுப்போடு நிற்கும், முன்னால் ஜிப் வைத்த ஜாக்கெட்) மூலம். பாராசூட் பட்டையில் இடிக்காமலிருக்க முந்தைய ஜாக்கெட்டின் ரோமக் காலரை எடுத்துவிட்டு ரிப் (கோடுகோடாக இழுபடும் பின்னல் துணி) காலர் வைத்தார்கள். காற்று புகாமலிருக்க மணிக்கட்டிலும் இடுப்பிலும் அதே ரிப். இப்படி ஒவ்வொரு பாகமும் ஒரு வேலைக்காக வந்ததால், 70 வருடம் கழித்தும் அந்த வடிவம் பழசாகத் தெரிவதில்லை. நைலானையும் உள்ளே திணித்த பஞ்சையும் எடுத்துவிட்டாலும் பாம்பர் பாம்பர்தான். மதுரைக்குத் தைக்கும்போது முதலில் செய்யவேண்டியதே அதுதான்.

துணி

கீழே வரும் அளவெல்லாம் 38 இஞ்ச் மார்பு உள்ளவருக்கு. 6 இஞ்ச் லூஸ் சேர்த்து, தைத்து முடித்த ஜாக்கெட் 44 இஞ்ச் சுற்றளவு வரும். வெளிப்பக்கத்துக்கு 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) அளவிலான காட்டன் ட்வில், அதாவது சாய்வுக் கோடு தெரியும் நெசவு. 58 இஞ்ச் பன்னா (துணியின் அகலம்) என்றால் ஒன்றரை மீட்டர், 44 இஞ்ச் என்றால் இரண்டேகால் மீட்டர். பேண்ட் துணியில் மிகத் தடிமனானதை எடுக்காதீர்கள். ரிப்போடு சேரும் இடத்தில் தையல் கட்டைபோல் நிற்கும்.

லைனிங்குக்குப் பாலியஸ்டர் வேண்டாம், முதுகு நனைந்துவிடும். இரண்டு மீட்டர் காட்டன் சுங்குடி போதும். எம்ஏ-1-க்குள் பிற்பாடு ஆரஞ்சு லைனிங் வந்தது, விபத்தில் சிக்கிய விமானி ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டால் தேடுபவர்கள் கண்ணில் படுவதற்காக. ஆரஞ்சுச் சுங்குடி கிடைத்தால் விடாதீர்கள். வெள்ளைப் புள்ளிகளோடு ஜிப் திறந்திருக்கும்போது அவ்வளவு அழகாக இருக்கும். வெட்டும் முன் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தனியாக அலசுங்கள். சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசவேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே வெளித்துணியில் ஏறும். ட்வில்லையும் நனைத்துக் காயவைத்து அயர்ன் செய்த பிறகே வெட்டுங்கள்.

ரிப்: ஜாக்கெட்டின் உயிர் இங்கேதான்

லைக்ரா கலந்த 2x2 ரிப் (இரண்டு கோடு மேடு, இரண்டு கோடு பள்ளம்) அரை மீட்டர் வாங்குங்கள். கடையிலேயே இழுத்துப் பாருங்கள். விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பாத ரிப் இரண்டு மாதத்தில் தொங்கிவிடும். பட்டையின் நீளம் ரிப் இழுபடும் திசையில் வரவேண்டும், கோடுகள் மேலிருந்து கீழாக நிற்கவேண்டும். திருப்பி வெட்டிவிட்டால் இழுபடாது, கை நுழையாது.

இடுப்புப் பட்டையில் முன்பக்கம் ஜிப்பின் இரு புறமும் 2 இஞ்சுக்கு ட்வில் துண்டு வையுங்கள். இழுபடும் ரிப்பின்மேல் நேரடியாக ஜிப் தைத்தால் அது பாம்புபோல் நெளியும். ஜாக்கெட்டின் அடிச்சுற்று 42 இஞ்ச் என்றால், இரண்டு துண்டுக்கும் 4 போக மீதி 38. அதில் 80 சதவீதம் 30.4, தையலுக்கு 1 இஞ்ச் சேர்த்து ஏறத்தாழ 31.5 இஞ்ச் வெட்டுங்கள். மடித்த பின் இரண்டரை இஞ்ச் உயரம் நிற்க, 6 இஞ்ச் அகலம் வேண்டும். கஃபுக்கும் (மணிக்கட்டுப் பட்டை) அதே அகலம், நீளம் ஏழரை இஞ்ச். காலருக்கு 5 இஞ்ச் அகலம்; கழுத்துச் சுற்று 18 என்றால் 15.5 நீளம்.

பட்டையையும் துணியையும் தனித்தனியே நான்காகப் பிரித்துச் சாக்பீஸில் குறியிட்டு, குறிக்குக் குறி பின் குத்துங்கள். ரிப்பை மேலே வைத்து, அதை மட்டும் துணியின் அளவுக்கு இழுத்தபடி தைக்கவேண்டும். துணியையும் சேர்த்து இழுத்தால் அலை விழும். முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி போடுங்கள், சாதாரண ஊசி ரிப்பின் நூலை அறுத்து ஓட்டை விடும். குறுகிய ஜிக்ஜாக் நல்லது. நேர்த்தையல் மெஷின் மட்டும் இருந்தால், இழுத்துப் பிடித்து இரண்டு வரி ஓட்டுங்கள். இழுக்காமல் ஓட்டிய தையல் போடும்போதே பட்பட்டென்று அறுந்துவிடும். காலரில் பின்கழுத்து வளைவில் அதிகமாகவும் முன்முனைகளில் குறைவாகவும் இழுங்கள். அப்போதுதான் காலர் கழுத்தோடு ஒட்டி நிற்கும்.

தைக்கும் வரிசை

1. முன்பாகங்களில் பாக்கெட்டை முடியுங்கள். பிறகு செய்ய முடியாது.
2. தோள்களை இணையுங்கள். கை துணியை விரித்தநிலையிலேயே சேர்த்து, கையடியையும் பக்கத்தையும் ஒரே ஓட்டில் தையுங்கள்.
3. கஃப், இடுப்புப் பட்டை, காலர்.
4. ஐந்தாம் நம்பர் ஓப்பன்-எண்ட் ஜிப் (அடிவரை முழுதாகப் பிரியும் ஜிப்). இடுப்புப் பட்டையின் மடிப்புக்கோட்டிலிருந்து காலரின் அடிவரை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த அளவுக்குப் பெரும்பாலும் 22 அல்லது 24 இஞ்ச். நீளம் மிஞ்சினால் மேல்முனையில் குறையுங்கள், கீழே பூட்டும் பெட்டி இருக்கிறது. ஒரு பக்கம் தைத்ததும் ஜிப்பை மூடி, இடுப்புத் தையலும் கழுத்துத் தையலும் சேரும் இடங்களை ஜிப்பின் மறுபக்க நாடாவில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.
5. கடைசியாக லைனிங். ஒரு கைக்குள் 8 இஞ்ச் தைக்காமல் விட்டு, அதன்வழியே திருப்பிப் பின் மூடுங்கள். முதுகின் நடுவில் 1 இஞ்ச் மடிப்பு விட்டிருக்கவேண்டும். அது இல்லையென்றால் பைக் ஹேண்டிலைப் பிடிக்கக் கை நீட்டியதும் லைனிங் கிழியும்.

ரிப்பின்மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தாதீர்கள், சற்றுத் தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். துவைத்தால் உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில், கொடியில் தொங்கவிடாமல் விரித்துக் காயப்போடுங்கள். ஈரத்தின் கனத்தில் இடுப்பு ரிப் ஒரேயடியாக நீண்டுவிடும்.