பெயர் சொல்லாமல் கையொப்பமிட: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஊழியர்கள் பெயர் சொல்லாமல் குறை எழுதும் ஒரு செயலியைச் செய்யும் வேலை என்னிடம் வந்தது. முதல் வாரம் முழுக்க எந்த நீள்வட்ட வளைவு (டிஜிட்டல் கையொப்பத்தின் கணக்குகள் நடக்கும் கணித வளைவு) நல்லது என்று படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: எழுதியவர் யார் என்று பின்னால் யாராவது கண்டுபிடிக்க வழி இருக்க வேண்டுமா, கூடாதா?

வழி வேண்டும் என்றால் குழுக் கையொப்பம் என்ற டிஜிட்டல் கையொப்ப முறை. குறியாக்க ஆய்வாளர்கள் சாமும் வான் ஹைஸ்டும் 1991-ல் முன்வைத்தது. 'இந்தக் குழுவில் யாரோ ஒருவர் எழுதினார்' என்பதைப் எல்லோருக்கும் தெரிந்த குழுவின் பொதுச் சாவியை வைத்து யாரும் சரிபார்க்கலாம். யார் என்பது 'திறப்பவர்' ஒருவருக்கு மட்டுமே தெரியவரும். 2004-ல் போனே, போயன், ஷாச்சம் மூவரும் தந்த முறையில், உறுப்பினரின் சான்றைத் திறப்பவரின் சாவியால் பூட்டி ஒவ்வொரு கையொப்பத்துக்குள்ளும் வைத்துவிடுவார்கள். கையொப்பமோ 200 பைட்டுக்குள் அடங்கிவிடும்.

இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். உறுப்பினரின் ரகசியச் சாவியை நிர்வாகியே செய்து கொடுத்தால், அவர் யார் பெயரிலும் கையொப்பமிட முடியும். அதனால் சேரும்போதே ரகசியம் உறுப்பினரின் கருவியில் உருவாகட்டும். நிர்வாகிக்கு அதன் பூட்டிய வடிவம் மட்டும் போகட்டும். அடுத்து, திறக்கும் சாவியை ஒருவரிடம் கொடுக்காதீர்கள். மூன்று பேருக்குப் பங்கு போட்டு, இருவர் சேர்ந்தால்தான் திறக்கும்படி வையுங்கள். அந்த மூவரில் மேலாளர் இருந்தால் யாரும் குறை எழுத மாட்டார்கள், அது வேறு விஷயம்.

யாராலும் திறக்கவே முடியக்கூடாது என்றால் அநாமதேயச் சான்று. நான் கடைசியில் எடுத்தது இதைத்தான். வழங்குபவர் உங்கள் விவரங்களின் பட்டியலுக்கு, அதாவது துறை, பதவி, காலாவதி தேதி எல்லாவற்றுக்கும் சேர்த்து, ஒரே கையொப்பம் இடுவார். நீங்கள் அதை அப்படியே காட்டக்கூடாது. காட்டினால் ஒவ்வொரு முறையும் அதே பைட்டுகள் போய் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு தடவையும் புதிய சீரற்ற எண்ணால் கையொப்பத்தை உருமாற்றி, 'செல்லுபடியாகும் சான்று என்னிடம் இருக்கிறது, துறை இன்னது' என்று மட்டும் நிரூபிக்க வேண்டும். மற்ற விவரங்கள் மறைந்தே இருக்கும். சரிபார்ப்பவர் அனுப்பும் ஒருமுறை எண்ணையும் நிரூபணத்தில் சேருங்கள். இல்லையென்றால் பழைய நிரூபணத்தைப் பிடித்து வைத்திருப்பவர் அதையே திரும்ப அனுப்பலாம்.

சரி, ஒரே ஆள் நூறு குறை எழுதினால்? வாரத்தின் எண்ணை ஹாஷ் செய்து (திருப்பிக் கண்டுபிடிக்க முடியாதபடி கலக்கி) வளைவில் ஒரு புள்ளியாக்கி, அதை உறுப்பினரின் ரகசியத்தால் பெருக்கி ஒரு புனைபெயர் உண்டாக்கினேன். அது சரியாகக் கணக்கிடப்பட்டது என்பதும் நிரூபணத்தோடு சேர்ந்தே போகும். அதே வாரத்தில் அதே புனைபெயர்தான் வரும், அதனால் ஒரே ஆள் பலமுறை எழுதினால் தெரிந்துவிடும். அடுத்த வாரத்துப் பெயரோடு இதை யாராலும் இணைக்க முடியாது. கணினிகளில் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு பெயர் சொல்லாமல் தன்னை நிரூபிக்கும் முறையிலும் இதே உத்தி உண்டு.

இந்தக் கணிதத்தை மட்டும் நீங்களே எழுதாதீர்கள். பலர் அலசிய பிபிஎஸ் (மேலே சொன்ன போனே, போயன், ஷாச்சம் பெயரில் வரும் கையொப்ப முறை) நிரல் நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நேரத்தைச் சோதனையில் போடுங்கள்: ஒரே ஆளின் இரண்டு நிரூபணங்களைப் பிடித்து அருகருகே வைத்து, பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நான் பார்த்தபோது, சான்று செல்லும் என்று காட்ட நான் மறைக்காமல் விட்ட காலாவதி நேரம் இருந்தது, விநாடி வரைக்கும். சான்று வழங்கிய விநாடி ஆளுக்கு ஆள் வேறு என்பதால், இத்தனை வேலையும் செய்து எல்லோர் முதுகிலும் நானே நம்பர் ஒட்டி வைத்திருந்தேன்! எல்லாருக்கும் மாதக் கடைசி என்று மாற்றினேன். அப்புறம் சர்வர் பதிவேட்டைத் திறந்தால், ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் ஐபி முகவரி. அதை நிறுத்த அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதுமானதாக இருந்தது.