உப்புக்காற்றில் உழைக்கிற பாத்திரங்கள்: இராமநாதபுரக் கரைக்குப் போகிறவர்களுக்கு

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் வீடும், சிங்கப்பூரிலோ துபாயிலோ லண்டனிலோ பிழைப்புமாக இருக்கிறவர்கள் ஊருக்கு வந்தால் ஒரு நாளாவது பாத்திரக்கடைக்குப் போகாமல் இருப்பதில்லை. ஊர் வீட்டு அடுப்படிக்கு வாங்குவார்கள், திரும்பிப் போகும்போது எடுத்துச் செல்லவும் வாங்குவார்கள். இரண்டுக்கும் ஒரே கடைதான், ஆனால் ஒரே பாத்திரம் சரிப்படாது. ஊர் வீட்டில் இருக்கப்போகிற பாத்திரம் வருடத்தில் பெரும்பகுதி ஆள் இல்லாமல், தேய்ப்பார் இல்லாமல், பூட்டிய வீட்டுக்குள் கிடக்கும். கடையில் பார்க்கிற பளபளப்பை மறந்துவிட்டு, நீங்கள் இல்லாத மாதங்களில் அதற்கு என்ன நடக்கும் என்பதை முதலில் யோசியுங்கள்.

இந்த மாவட்டத்துக்கு ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் உப்போடுதான் வரும். கதவு, சன்னலைச் சாத்தினாலும் ஓட்டு இடுக்கு வழியாக அது அடுப்படிக்குள் இறங்கும். உப்புத்தூள் ஈரத்தை இழுத்து உலோகத்தின் மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் மதுரையில் இரண்டு வருடம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாத இரும்புச் சட்டி, இங்கே ஒரே மழைக்காலத்தில் செம்பழுப்பாக நிற்கிறது. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், அப்புறம் ஊசி குத்தினாற்போல் குழி விழும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரும் ஆழ்துளைத் தண்ணீரும் பல ஊர்களில் உப்புக் கரிக்கும். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனால் அந்தத் தண்ணீர் காய்ந்த இடத்தில் உப்பு தங்கிவிடும். குடிக்க வருகிற காவிரித் தண்ணீரில் கடைசியாக ஒரு முறை அலசித் துணியால் துடைப்பது சின்ன வேலைதான், ஆனால் பாத்திரத்தின் ஆயுளை அது கூட்டும்.

பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு என் முதல் தேர்வு கனமான எவர்சில்வர். சோற்றுப்பானை, பால் சட்டி, ஒரு பெரிய குண்டான், மூடிகள் எல்லாம் இதிலேயே இருக்கட்டும். கடையில் 304 தரம் கேளுங்கள். அதில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், சில பாத்திரங்களில் 18/8 என்றே பொறித்திருப்பார்கள். அதைவிட மலிவாகக் கிடைக்கிற 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். கடலுக்குத் தள்ளி இருக்கிற ஊரில் அது போதும். உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு காட்டுவது பெரும்பாலும் அதுதான். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று கடையில் சொல்வார்கள். இந்த இரண்டு தரத்திலுமே காந்தம் ஒட்டாது, ஆகையால் அந்தச் சோதனையை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. பொறித்த தரத்தையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும்தான் பார்க்க வேண்டும். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு அந்த முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2024 மார்ச்சில் வந்தது. எவர்சில்வருக்கான தர எண் ஐ.எஸ். 14756.

கைப்பிடியையும் பாருங்கள். ஆணி அடித்து இறுக்கிய கைப்பிடி உழைக்கும். புள்ளிப் பற்றவைப்பில் ஒட்டியது சோறு நிறைந்த பானையைத் தூக்குகிற நாளில் கையோடு வரும். இன்னொன்று, எவர்சில்வர் பானையில் பச்சைத் தண்ணீரில் உப்பைப் போடாதீர்கள். கரையாத உப்பு அடியில் உட்கார்ந்து குழி பறிக்கும். தண்ணீர் கொதித்த பிறகு போட்டுக் கிளறிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வாங்கின கையோடு பேர் வெட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாதபோது அக்கம்பக்கத்தில் விசேஷம் என்றால் உங்கள் குண்டான் போகும், போகத்தான் வேண்டும். பேர் இருந்தால் வீடு திரும்பும்.

தோசைக்கல்லும் இருப்புச் சட்டியும் இல்லாத அடுப்படியை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, உப்புக்காற்று இருந்தாலும் சரி. கடையில் முதலில் கேட்க வேண்டியது, “அண்ணே, இது வார்ப்பா, தகடா?” வார்ப்பிரும்பு கனமானது, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே விழுந்தால் உடையும். தகட்டு இரும்பு இலேசானது, சீக்கிரம் சூடாகும், விழுந்தால் நசுங்கும், உடையாது. தோசைக்கு வார்ப்பு, மீன் பொரிக்கவும் தாளிக்கவும் தகடு என்று வைத்துக்கொள்ளலாம். கல்லின் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் வேண்டாம். ஓர் அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் நடுவில் குழியா, மேடா என்று தெரிந்துவிடும்.

புதுக் கல்லின் மேல் துரு பிடிக்காமல் இருக்க ஏதாவது எண்ணெய் தடவியிருப்பார்கள். அதைச் சோப்பும் தேங்காய் நாரும் போட்டு நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, சோறு வடித்த கஞ்சியில் ஒரு நாள் ஊறப்போட்டு, துடைத்துக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவிப் புகைகிற வரை சூடாக்க வேண்டும். இதை மூன்று நான்கு முறை செய்தால் கல் பழகும். விடுமுறைக்கு வந்தவருக்குப் பொறுமை இல்லையென்றால் பழக்கின கல்லே சில கடைகளில் கிடைக்கும், கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம். புளி சேர்ந்த குழம்பை மட்டும் இரும்பில் கொதிக்க விடாதீர்கள். குழம்பு கறுக்கும், வாய்க்கு இரும்பு வாடை தட்டும், பழக்கின பதமும் போய்விடும்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் இரும்பைக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகக் காய்ச்சி, சூட்டோடு எண்ணெயைத் தொட்டுத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வையுங்கள். எண்ணெய் வழிய வழியத் தடவினால் அது சிக்குப் பிடித்துக் கெட்ட வாடை அடிக்கும். இதையும் மீறித் துரு வந்தால் கவலைப்பட வேண்டாம். செங்கல் தூளும் புளியும் போட்டுத் தேய்த்து மறுபடி பழக்கினால் அதே கல் திரும்பக் கிடைக்கும். நான்ஸ்டிக்கில் அந்த வசதி இல்லை. பூச்சு கீறினால் கீறினதுதான். ஏறத்தாழ 260 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அந்தப் பூச்சே சிதையத் தொடங்கும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் இரும்புக் கரண்டியைத்தான் எடுப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஊர் வீட்டில் அதை வாங்கி வைக்காதீர்கள்.

சரி, மீன் குழம்புக்கு என்ன செய்வது? மண்சட்டிதான். வீட்டில் ஏற்கெனவே கிடக்கிற பழைய சட்டியை நம்பாமல், வருகிற வழியிலேயே புதிதாக ஒன்று வாங்குங்கள். மதுரையிலிருந்து இராமேசுவரம் போகிற சாலையும் இரயில் பாதையும் மானாமதுரை வழியாகத்தான் வருகின்றன. வைகைக் கரை மண்ணில் கடம் செய்கிற ஊர் அது. கச்சேரி மேடைகளில் ஒலிக்கிற மானாமதுரைக் கடத்தைச் செய்கிற அதே ஊரில்தான் குழம்புச் சட்டியும் வனைகிறார்கள். அந்த மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருடம் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் கிடைத்தது. இரண்டும் ஒரே அடுப்பில் சேர்கிற நாளில் சூடை மீனோ பாறை மீனோ வாங்கிவிட்டால் வேறு எதுவும் கேட்கத் தோன்றாது.

சட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து மறு கை விரல் கணுவால் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் நன்றாக வெந்திருக்கிறது. மொத்தென்று கேட்டால் வேகாதது, கரகரவென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். கறுப்புச் சட்டி கேட்டால், அது சூளையில் புகை மூட்டிக் கறுத்ததா, சாயம் பூசினதா என்று பார்க்க வேண்டும். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் பூச்சு துணியில் ஒட்டும். கண்ணாடிபோல் மினுக்குகிற பளபளப்புப் பூச்சுச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம். அந்த மாதிரிப் பூச்சில் காரீயம் என்கிற நச்சு உலோகம் கலந்திருந்தால் புளி அதை இழுத்துக் குழம்பில் சேர்க்கும்.

வாங்கின சட்டியை அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, அதிலேயே கஞ்சி காய்ச்சி, ஆறவிட்டுக் கழுவினால் போதும். மண் புளியோடு சண்டை போடாது, சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொஞ்ச நேரம் கொதிக்கிறதைப் பார்க்கலாம். மறுநாள் காலையில் அந்தக் குழம்புக்கு வருகிற ருசி எவர்சில்வரில் வருவதில்லை, இது என் உறுதியான கருத்து. கொதிக்கிற சட்டியைக் கருங்கல் மேடையில் ஈரத்தின் மேல் வைத்தால் வெடிக்கும், சட்டியை உட்காரவைக்கிற பிரிமனை வாங்க மறக்காதீர்கள். மீனுக்கு ஒரு சட்டி, மற்றதற்கு வேறு சட்டி. சோப்புப் போடாமல் கடலைமாவாலோ சீயக்காயாலோ கழுவுங்கள். ஊரைவிட்டுப் போகும்போது மண்சட்டியைப் பூட்டி வைக்காதீர்கள், ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும். அத்தையிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போனால் புழங்குகிற கையில் அது நன்றாக இருக்கும்.

பரணில் பாட்டி காலத்துப் பித்தளையும் செம்பும் இருந்தால், எடைக்குப் போடுகிற ஆள் வாசலில் நிற்கும்போது அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற பித்தளையைவிடப் பழையது பெரும்பாலும் தடிமனானது. கீழக்கரையில் தொதல் கிண்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் மணிக்கணக்கில் கிளறி இறுக வேண்டிய பண்டம் அது, அடி கனமில்லாத பாத்திரத்தில் நடக்காது. ஆனால் உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் சமைக்கக் கூடாது. புளியும் மோரும் பட்டால் களிம்பேறும். ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் போட்டு, பஞ்சால் இழுத்துப் பூசுவார். அவர் வைத்திருப்பது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயமாக இருக்கக் கூடாது. குச்சியை வளைத்தால் சுத்தமான வெள்ளீயம் கிறீச்சென்று சத்தமிடும். காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் கரிக்கோடு விழும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனைகளில் பிடிபடாது என்பதால், நம்பிக்கையான ஆளிடம் மட்டும் கொடுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினால் பூச்சு வழிந்துவிடும். தாளிதம் வேறு சட்டியில் செய்துகொள்ளுங்கள்.

காரீயம் பற்றிப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பித்தளை, அலுமினியம், இண்டாலியம் (அலுமினியக் கலப்புலோகம்) பாத்திரங்களில் சில, உணவில் காரீயத்தைக் கசியவிடுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்தது. எல்லாப் பாத்திரமும் அப்படி என்று அர்த்தமில்லை. பழைய உலோகத்தை உருக்கி வார்த்ததில்தான் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முத்திரை இல்லாத இண்டாலியம் கடாயைக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். மலிவு என்பதற்காகத் தயங்க வேண்டிய இடம் இதுதான்.

எடுத்துப் போவதற்கு, உங்கள் வெளிநாட்டு அடுப்பு எது என்பதுதான் முதல் கேள்வி. இன்டக்‌ஷன் அடுப்பென்றால் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். கையில் ஒரு சின்னக் காந்தத்தோடு கடைக்குப் போங்கள். வெறும் 304 எவர்சில்வர் அதில் சூடாகாது, அடியில் காந்தம் பிடிக்கிற தகடு சேர்த்தது வேண்டும். இரும்புக் கல் நன்றாக வேலை செய்யும், அடி தட்டையாக இருந்தால் மட்டும். உருண்டை அடி இருப்புச் சட்டியும் மண்சட்டியும் அங்கே உதவாது. எரிவாயு அடுப்பு வைத்திருப்பவர்கள் இரண்டையும் தாராளமாக எடுத்துப் போகலாம்.

வார்ப்பிரும்பைக் கைப்பெட்டியில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் தடுக்கலாம். பெரிய பெட்டியில், நடுவில், துணிக்குள் வையுங்கள். கல்லும் சட்டியும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. மண்சட்டிக்குள் முண்டு மிளகாய்ப் பொட்டலத்தை இறுக்கமாக நிரப்பி, வெளியே சேலையோ கைலியோ சுற்றினால் பெரும்பாலும் முழுசாகப் போய்ச் சேரும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மர அகப்பை, சிரட்டைக் கரண்டி, பனையோலைக் கொட்டான், மிளகாய் எல்லாவற்றையும் இறங்கும்போது அறிவிப்புப் படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் அபராதம், எழுதினால் பரிசோதித்துவிட்டுத் தருவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

குக்கருக்கு இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் வளையமும் பாதுகாப்பு வால்வும் இரண்டு செட் கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஊர் வீட்டுக் குக்கரின் வளையத்தைக் கழற்றி, கழுவித் துடைத்துத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். மூடியோடு இறுக்கிப் பூட்டி வைத்தால் அடுத்த முறை வரும்போது வளையம் வெடித்திருக்கும். சாவியைக் கொடுக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் தோசைக்கல்லைக் காட்டி, இதைச் சோப்புப் போட்டுக் கம்பி நாரால் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.