சட்டை தைக்கக் கொடுக்கும்போது

ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களுக்கு ரெடிமேட் கடையில் மனசுக்குப் பிடித்த சட்டை கிடைப்பது கஷ்டம். தையல்காரரிடம் கொடுப்பதே நல்லது. அவரிடம் உங்கள் அடையாளத்தை விளக்க வேண்டியதில்லை, எப்படி வெட்ட வேண்டும் என்று சொன்னால் போதும்.

முதலில் தோள் அளவு. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் சரியாக நிற்க வேண்டும். மற்றதை அப்புறம் பிடித்துக்கொள்ளலாம். மார்பு வடிவம் தெரிய வேண்டாம் என்றால், "டார்ட் வேண்டாம், இடுப்பில் பிடிக்காம நேரா விடுங்க" என்று சொல்லுங்கள் (டார்ட் என்றால் உடம்பு வடிவத்துக்குப் பொருந்தத் துணியை மடித்துத் தைப்பது). துணி கொஞ்சம் கனமான காட்டனாக இருக்கட்டும். ரேயான் உடம்போடு ஒட்டி விழும். மார்பின் இரண்டு பக்கமும் பாக்கெட் வைத்தால் இன்னும் நல்லது. வழக்கமாக ஆண்கள் சட்டையில் பட்டன் வலப்பக்கம், பெண்கள் சட்டையில் இடப்பக்கம். பட்டன் வெளியே தெரியாமல் பட்டிக்குள் மறைத்துத் தைத்தால் அந்த வித்தியாசம் சட்டென்று கண்ணில் படாது.

உடை வழியாகப் பாலினத்தை வெளிப்படுத்துவது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே திருநர் உரிமைகள் பற்றிய 2014 நால்சா வழக்கின் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து வேண்டாம்: மார்பை அழுத்த கிரேப் பேண்டேஜ் சுற்றாதீர்கள். அது இறுகி மூச்சைத் தடுக்கும், விலா எலும்பையும் பாதிக்கும். அதற்கென்றே தைத்த பைண்டர் என்றாலும் தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.