பிராக்ஸிமிட்டி சென்சார்: கேட்லாக்ல போட்ட மி.மீ அப்படியே கிடைக்காது

பக்கத்துல பொருள் வந்தா தொடாமலே கண்டுபிடிச்சு சிக்னல் குடுக்கறதுதான் பிராக்ஸிமிட்டி சென்சார். பழைய சென்சார் போச்சுன்னா அதுல இருக்கற நம்பர பாத்து அதே மாதிரி ஒண்ணு வாங்கி மாட்டிடலாம், பிரச்சனை இல்ல. ஆனா புதுசா ஒரு ஜிக்குக்கோ (ஜாப்ப, அதாவது வேலை நடக்கற துண்ட, புடிச்சு வெக்கற அமைப்பு) கன்வேயருக்கோ நாமளே எடுக்கணும்னா மொதல்ல பாக்க வேண்டியது பிராண்டு இல்ல, சென்சார் முன்னாடி வந்து நிக்கப் போறது என்னன்னுதான். மெட்டல்னா இன்டக்டிவ். பிளாஸ்டிக், தண்ணி, மாவு, அரிசின்னா கெப்பாசிட்டிவ், ஆனா அது மூஞ்சில ஈரமோ தூசியோ படிஞ்சாலே ஆன் ஆயிடும், அதனால மெட்டல் பாக்கற வேலைக்கு அத வாங்காதீங்க.

இப்ப இன்டக்டிவ்ல எம்18 (18 மி.மீ த்ரெட்) ஃப்ளஷ் டைப் (தலைய இரும்புக்குள்ள மட்டமா பொதைச்சு மாட்டக்கூடியது) எடுத்துக்கோங்க, பாக்கற தூரம் பொதுவா 5 மி.மீன்னு போட்டிருப்பான். அது 1 மி.மீ தடிமன்ல மைல்டு ஸ்டீல் சதுரத்துண்டு வெச்சு டெஸ்ட் பண்ண தூரம். சூடு, வோல்டேஜ் ஏற்ற இறக்கம் எல்லாத்துக்கும் சேத்து 0.81ஆல பெருக்கினா 4 மி.மீதான் நம்பி வெக்கலாம். வர்றது அலுமினியம்னா இன்னொரு தடவ 0.4ஆல பெருக்குங்க, 1.6 மி.மீல வந்து நிக்கும்! ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 0.7 பக்கம், பித்தளைக்கு 0.4லருந்து 0.5, செம்பு இன்னும் கம்மி, மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், டேட்டாஷீட்ல இருக்கும். அலுமினிய ஜாப்புக்கு எம்30 எடுக்கறதோ, இல்ல ஜாப்ப புடிச்சிருக்கற இரும்பு கிளாம்ப பாக்க வெக்கறதோ நல்லது. நான்னா ரெண்டாவதுதான் செய்வேன்.

தூரம் பத்தலன்னு நான்-ஃப்ளஷ் வாங்கறவங்க உண்டு, எம்18லயே 8 மி.மீ கிடைக்கும். ஆனா அதோட தலை இரும்பு பிளாக்குக்குள்ள பொதைஞ்சிருந்தா சுத்தி இருக்கற இரும்பையே பாத்துட்டு எல்இடி அணையவே அணையாது, சென்சார் டிஃபெக்டுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவாங்க. தலை வெளிய நீட்டிட்டு இருக்கணும், பக்கத்துல இன்னொரு சென்சார் இருந்தா இடைவெளியும் தாராளமா விடணும்.

அடுத்து பிஎன்பியா (அவுட்புட்ல பிளஸ் குடுக்கறது) என்பிஎன்னா (மைனஸ் குடுக்கறது). இத பிஎல்சி (மெஷின ஓட்டற கன்ட்ரோலர்) இன்புட்ட பாத்துதான் முடிவு பண்ணணும். மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூல இன்புட்டுக்கெல்லாம் பொதுவான எஸ்/எஸ் டெர்மினல 24 வோல்ட்ல குடுத்தா என்பிஎன், 0 வோல்ட்ல குடுத்தா பிஎன்பி. சென்சார் எல்இடி எரியுது, இன்புட் மட்டும் வரலன்னா மொத சந்தேகம் இங்கதான். வயர் கலர் சுலபம்: பிரவுன் பிளஸ், ப்ளூ மைனஸ், பிளாக் அவுட்புட். மீட்டர் வெச்சு பாக்கறப்ப பிஎன்பிக்கு ப்ளூவுக்கும் பிளாக்குக்கும் நடுவுல பாருங்க, என்பிஎன்னுக்கு பிரவுனுக்கும் பிளாக்குக்கும் நடுவுல, மெட்டல் வந்தா 24 வோல்ட் கிட்ட காட்டணும். ரெண்டு வயர் டைப் வயரிங் மிச்சம்னு தோணும், ஆனா ஆஃப்ல இருக்கறப்பவும் கொஞ்சம் கரண்ட் லீக் ஆகும், சில இன்புட் கார்டுல அதுவே தொல்ல.

மாட்டறப்ப ஜாப் நேரா வந்து மூஞ்சில முட்டற மாதிரி வெக்காதீங்க, குறுக்கால கடந்து போற மாதிரி வெச்சா சிலிண்டர் கொஞ்சம் ஓவரா ஓடினாலும் சென்சார் பிழைக்கும். ஜாப் நிஜமா நிக்கற எடத்துல நிறுத்தி, சென்சார மெதுவா திருகி உள்ள கொண்டு வாங்க, எல்இடி எரிஞ்சதும் நிறுத்தாம இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க. எரியற வெளிம்புலயே லாக் பண்ணா வைப்ரேஷன்ல விட்டு விட்டு எரியும். எம்12க்கு 17 ஸ்பேனர், எம்18க்கு 24, கூட வர்ற பல் வாஷர தூக்கிப் போடாதீங்க, ரெண்டு பக்கமும் நட்டு போட்டு ஒரு அளவோட முறுக்குங்க, குழாய் பித்தளைதான், ஓவரா போனா த்ரெட் போயிடும். கேபிள் வெளிய வர்ற எடத்துலயே மடக்காம ஒரு லூப் விடுங்க, மோட்டார் வேகத்த மாத்தற டிரைவ்லருந்து மோட்டாருக்குப் போற கேபிளோட ஒரே டிரங்கிங்ல இழுக்காதீங்க.

கூலன்ட் அடிக்கற மெஷின்னா ஐபி67 ரேட்டிங் மட்டும் பாத்து வாங்காதீங்க, அது தூசி, தண்ணி உள்ள போகாதுங்கறதுக்கான டெஸ்ட், கட்டிங் ஆயில் பிவிசி கேபிள நாளாக நாளாக வெறைக்க வெச்சு வெடிக்க விடும், பியூஆர் (பாலியூரித்தேன்) கேபிள் கேளுங்க. இரும்புத் தூள் மூஞ்சில ஒட்டினாலும் எல்இடி எரிஞ்சுட்டே இருக்கும், அதனால வாரம் ஒரு தடவ துணியால தொடச்சு விட ஆபரேட்டர்கிட்ட சொல்லி வெச்சிடுங்க.